சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு

அத்தியாயம் பன்னிரண்டு

போன வாரம் புஷ்பவல்லியை எங்கே விட்டோம்? சமையல்கட்டில், அடுப்பில் புளிக்குழம்பு தீய்ந்துகொண்டிருக்க, சுவரில் காதை ஒட்டவைத்தபடி விட்டோம். குழம்பை மாமியார் சுந்தராம்பாள் வந்து இறக்கிவிட்டாள். புஷ்பவல்லியின் வயிற்றில் கொதித்ததை இறக்கத்தான் ஆள் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது கொழுந்தன் பழனிவேலும், ஆவணியில் அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஜானகியும். பழனிவேல் அரியலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் லீவு. ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், புதுசாகக் கல்யாணமானவர்கள் விடுமுறையில் சேர்ந்து பார்க்க வேண்டிய லண்டன் காதல் படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில், இதயம் இருக்கும் பக்கமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, பத்து நாளாகத் தரையில் கால் பாவாமல் அலைந்தான். பட்டியலில் மூன்றாவதாக இருந்த படம் புதன்கிழமை, கிறிஸ்துமஸ் அன்றைக்கே, பெரம்பலூர்க் கொட்டகைக்கு வருகிறது என்று நோட்டீஸ் வந்ததே, அவ்வளவுதான்!

"அமெரிக்காப் படம்னா குதிரையும் துப்பாக்கியும். இது அசல் லண்டன் சரக்கு, ஜானகி. லவ்வுன்னா அப்படியொரு லவ்வு. சேர் டிக்கெட்டு எடுத்துப் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்குறோம். உனக்குப் புரியலன்னா நான் காதோட காதா கதை சொல்றேன்."

இந்தக் 'காதோட காதா'தான் புஷ்பவல்லிக்குத் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வைத்திலிங்கம் அவள் காதோடு சொன்னது ஒரே ஒரு சங்கதிதான்: "செவலை கன்னு போட்டுருச்சு, எந்திரி."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. அவள் வைத்த வைப்பில் ஒரு பித்தளைக் குண்டான் சொட்டையாகி, அது இன்றைக்கும் சொட்டையாகவே இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் புருஷனைத் தொழுவத்தில் மடக்கினாள். அவன் சட்டையில்லாமல் நின்று முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் கடலைப் புண்ணாக்கு வாங்கப் பெரம்பலூர் போய்வந்ததிலிருந்து முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கிக் கிடந்தது. புண்ணாக்கு மூட்டை அரிப்பு என்று சொல்லியிருந்தான். வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை பழனி தம்பி பொண்டாட்டிய கூட்டிக்கிட்டுப் படத்துக்குப் போவுது."

"ம்."

"நாமளும் போவோம்."

அவன் மறுத்தால் சொல்வதற்கென்று இருபத்தேழு பதில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இருபத்தெட்டாவது, கண்ணீர்.

"சரி," என்றான் வைத்திலிங்கம்.

அடுக்கி வைத்ததெல்லாம் வீணாகப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, பஸ் பிடிக்க அரியலூர் வரை வண்டி கட்டினார்கள்.

"மார்கழி மாசமும் அதுவுமா வெள்ளைக்காரன் கொஞ்சுறதப் பாக்க நாலு பேரும் கெளம்பிட்டீங்க. போங்க, போங்க. சிவபெருமான் திருமழபாடியில சும்மாத்தான் உக்காந்திருக்காரு," என்றாள் சுந்தராம்பாள். சொல்லிவிட்டு, "வந்து கதையச் சொல்லுங்கடி," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

புஷ்பவல்லி கட்டியிருந்தது அரக்குக் கூறைப்புடவை. துணிக்குக் கண்ட்ரோல் வந்து ரேஷனான நாளிலிருந்து வீட்டில் பட்டென்று மிஞ்சியது அது ஒன்றுதான். ஜானகி இளம்பச்சை ஜார்ஜெட்டில், பலூன் மாதிரி ஊதிய கை வைத்த ரவிக்கையோடு வந்து நின்றாள். பின்னலில் மூன்று முழம் டிசம்பர்ப் பூ.

"நல்லாருக்காக்கா?"

"நல்லாருக்கு. குளிருக்கு அந்தக் கைக்குள்ள பஞ்சு கிஞ்சு அடைச்சிருக்கியா?"

ஜானகி சிரித்தாள். அதுதான் அவளிடம் இருந்த பெரிய குற்றம். என்ன சொன்னாலும் சிரிப்பாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் இருபது மைல். யுத்தம் முடிந்து வருஷம் ஒன்று ஓடியும் அந்த பஸ் மட்டும் கரி கேஸை விடவில்லை. பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு, கண்டக்டர் காற்றாடியைச் சுற்றச் சுற்ற, இருமி இருமி ஓடியது. குன்னத்துக்கு முன்னால் ஒரு மேட்டில், பக்கத்தில் போன கழுதை ஒன்று பஸ்ஸைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, பாவப்பட்டு நின்று காத்திருந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் பெண்டுகள் முன்னால், ஆண்கள் பின்னால். ஜானகியின் ஜார்ஜெட் காற்றில் பறந்து பறந்து புஷ்பவல்லியின் மூக்கில் விழுந்தது. இருபது மைலுக்கும் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள். போகட்டும், கொட்டகைக்குள் போய்விட்டால் அவர் பக்கத்தில் உட்காரலாம். காதோடு காதாகக் கதை சொல்லாவிட்டாலும் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்து குறட்டையாவது விடட்டும். அதுவே போதும்.

*

கொட்டகை ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்கு. தகரக் கூரை, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புச் சாயம். பகல் ஆட்டமென்றால் உள்ளே வெந்துதான் வெளியே வர வேண்டும், நல்லவேளை, மார்கழி.

டிக்கெட் ஜன்னலில் பழனிவேல் தலையை நுழைத்தான். "சேர் நாலு."

"சேரெல்லாம் போச்சுங்க. ஒரே குடும்பம், பதினோரு பேரு, மொத்தமா எடுத்துட்டாங்க. பெஞ்சுதான் இருக்கு. பெஞ்சுல மூட்டப்பூச்சியாவது கெடையாது."

வைத்திலிங்கத்தின் முகம் தொங்கிப்போனது. "சேர் ஒண்ணுகூட இல்லியா? ரெண்டாச்சும் பாருய்யா," என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். இதுவரை எதற்கும் கெஞ்சியறியாத மனுஷன்.

புஷ்பவல்லிக்கு விஷயம் உள்ளே போன பிறகுதான் உறைத்தது. சேர் என்றால்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். பெஞ்சில் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்துத் தலை தெரியாது. எழுந்து நின்றால் குடுமி தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை புருஷனோடு வெளியே கிளம்பி, இருபது மைல் புகை குடித்து, கடைசியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள்? ஜானகி பக்கத்தில்!

ஆனால் ஒன்று. ஜானகிக்கும் அதே கதிதான். அந்த நினைப்பு வந்ததும் பெஞ்சு சற்று மெத்தென்று ஆனது.

பெண்கள் பக்கத்து வாசலுக்கு முத்தாயி காவல். வாயில் எந்நேரமும் வெற்றிலை. டிக்கெட்டைக் கிழித்தவள், "யாரு வூட்டுப் பொண்ணுங்க?" என்றாள்.

"அதோ, துண்டைத் தலையில கட்டிக்கிட்டு ஆம்பளப் பக்கம் போறாரே, அவருதான் எங்க வூட்டுக்காரரு," என்றாள் புஷ்பவல்லி.

முத்தாயி அவனைப் பார்த்தாள். இவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "ஓ! நீதான் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டு, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

*

படம் ஆரம்பித்தது. மழை. அந்த ஊரில் மழையைத் தவிர வேறொன்றும் விளையாது போலிருக்கிறது. குடையோடு ஒருத்தி வந்தாள், பொன் நிறத் தலைமுடி. இன்னொருத்தி கறுப்பு முடி, சதா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிழவி டீ குடித்தாள். காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு துரை நாயோடு வந்து நின்று, தொப்பியை எடுத்துக்கொண்டு என்னவோ சொன்னான். பெண்கள் பக்கத்தில் அறுபது பேர் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

அந்தக் கொட்டகையில் இருப்பது ஒரே மெஷின். கால் மணிக்கொரு தடவை ரீல் மாற்ற விளக்குப் போடுவார்கள். முதல் விளக்கு வந்ததுமே சுவருக்கு மேலே பழனிவேலின் தலை முளைத்தது.

"ஜானகி! அந்தக் கெழவி இருக்கா பாரு, அவ..."

"உக்காருய்யா குமாஸ்தா! இது கோர்ட்டு இல்ல!" என்று ஆண்கள் பக்கம் அவனை வேஷ்டியைப் பிடித்து இழுத்தது. தலை மறைந்தது.

ஜானகியின் முகம் சுண்டியது. புஷ்பவல்லி மகராசி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? நான் சொல்றேன், கேளுங்க," என்றாள். அறுபது தலையும் அவள் பக்கம் திரும்பியது. "அந்தக் கெழவி மாமியாரு. ரெண்டு பேரும் ஓரகத்திங்க. கருப்பு முடிக்காரி மூத்தவ, பாவம், வந்த நாள்லேருந்து அடுப்புதான். அந்த மஞ்ச முடிக்காரி நேத்து வந்தவ. குடைய புடிச்சிக்கிட்டு, பல்லக் காட்டிக்கிட்டுத் திரியுறா பாருங்க. ரொட்டி சுடுறவ கையி வெந்து போச்சே, ஒரு சொட்டு எண்ணெய் வச்சாளா?"

"வைக்கலியே!" என்றார்கள் நாலைந்து பேர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப அந்த நொண்டித் துரை?"

"மூத்தவளுக்குன்னு பேசி வச்ச ஆளு. இவ தட்டிப் பறிக்கப் பாக்குறா."

"ரெண்டு பேரும் ஓரகத்தின்னா கல்யாணம் ஏற்கெனவே ஆயிருக்கணுமே?" என்று பின்பெஞ்சில் ஒரு சட்டம் கிளம்பியது.

"சீமையில அப்படித்தான்," என்று புஷ்பவல்லி ஒரே போடாகப் போட்டாள். அதற்கு அப்பீல் இல்லை.

ஜானகி மெதுவாகக் குனிந்தாள். "அக்கா, அந்த மஞ்ச முடி நான்தானே?"

ஜானகி இப்போதும் சிரித்தாள். ஆனால் உதடு மட்டும்தான் சிரித்தது. "நாளைக்குக் காலையில நான் அடுப்ப மூட்டுறேன்க்கா. நீங்க படுத்திருங்க."

புஷ்பவல்லி அவளைத் திரும்பிப் பார்த்தபோதுதான் அது கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. கிணற்றுக் கமலையில் உருளை கிறீச்சிடுவது மாதிரி, இழுத்து இழுத்து ஒரு சிரிப்பு. ஆயிரம் பேர் சிரித்தாலும் அதை அவள் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவாள். வைத்திலிங்கம்!

எதற்குச் சிரிக்கிறார்? திரையில் துரை சும்மா நின்றுகொண்டிருந்தான். அப்புறம்தான் அந்த நாய் எகிறி, அவன் தொப்பியைக் கவ்விக்கொண்டு குளத்தில் குதித்தது. கொட்டகை முழுக்க அப்போதுதான் சிரித்தது.

சரி, ஏதோ நினைப்பு வந்து சிரித்திருப்பார் என்று விட்டாள்.

அடுத்த ரீலில் மூக்கு உறிஞ்சும் சத்தம். அதுவும் அவர்தான். திரையில் மஞ்சள் முடிக்காரி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அழ என்ன இருக்கிறது? மூன்று நிமிஷம் கழித்து, துரை எழுதிய கடுதாசியை எடுத்து அவள் அடுப்பில் போட்டாள். ரொட்டி சுடுகிறவள் சாம்பலைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றாள். பெண்கள் பக்கம் ஓவென்று அழுதது. பெரம்பலூரில் அன்றைக்கு மழை என்று யாராவது சொன்னால், அது இதுதான்.

விளக்கு வந்தது. முத்தாயி ஒரு பொட்டலம் பட்டாணியோடு வந்து புஷ்பவல்லியின் மடியில் போட்டாள்.

"உன் வூட்டுக்காரரு குடுக்கச் சொன்னாரு. சொல்லவும் சொன்னாரு." முத்தாயி குனிந்து, அவள் காதருகே வெற்றிலை வாசத்தோடு கிசுகிசுத்தாள். "கடுதாசி எரிஞ்சுதேன்னு நீ மனச வுட்டுறாதியாம். அந்தக் கெழவிகிட்ட இன்னொரு கடுதாசி இருக்காம். கடைசில கருப்பு முடிக்காரியத்தான் அவன் கட்டுறானாம்."

புஷ்பவல்லிக்குக் காது சிவந்தது, கழுத்து சிவந்தது, அரக்குப் புடவைகூட இன்னும் ஒரு பங்கு சிவந்தது. கதை! காதோடு காதாக! இடையில் ஒரு சுவரும் முத்தாயியின் வாயும் இருந்தால் என்ன?

"என்னாக்கா சொல்லிவுட்டாரு மாமா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் புஷ்பவல்லி. அந்த ஒன்றுமில்லையை அவள் சொன்ன அழகில் ஏழு ஊர்க்காரிகள் பொறாமைப்பட்டிருப்பார்கள். ஜானகி பட்டாளோ இல்லையோ, பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே சொன்னாள்: "எங்க இவருக்குக் கதை சொல்றேன்னு வாய்தான். நேத்து அந்தப் பத்திரிகத் துண்டப் படிச்சுக் காமிச்சப்பவே பாதி அவருக்கே புரியல. கேட்டா கோவம் வருது."

படம் முடிந்தது. கிழவி டீக் கோப்பைக்கு அடியிலிருந்து கடுதாசியை எடுத்தாள். துரை கறுப்பு முடிக்காரியைக் கோயில் வாசலில் வைத்து முத்தம் கொடுத்தான். அறுபது பெண்களும் முந்தானையால் முகத்தை மூடி, நூலிடுக்கு வழியாக ஒன்றுவிடாமல் பார்த்தார்கள்.

வைத்திலிங்கம் சொல்லியனுப்பியது அட்சரம் பிசகவில்லை.

*

வெளியே வந்தபோது மணி நாலு. பழனிவேலும் ஜானகியும் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டுக் காபி கிளப்பைத் தேடிப் போனார்கள். பஸ்ஸில் ஆளே இல்லை. நடு வரிசையில், முதல் தடவையாக, புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"நாய் தொப்பியத் தூக்குறதுக்கு முன்னாடியே சிரிச்சீங்க," என்றாள் புஷ்பவல்லி, வெளியே பார்த்துக்கொண்டு.

அவன் கை தலைத்துண்டுக்குப் போனது.

"படத்த முன்னமே பாத்திருக்கீங்க."

வைத்திலிங்கம் துண்டை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டினான். "புதன்கிழமை. புண்ணாக்கு எடுத்துக்கிட்டு வர்றப்ப."

"எதுக்கு?"

"செவ்வாக்கிழமை நீ அந்தக் குண்டானப் போட்டு அடிச்சியே, அப்பவே தெரியும் எனக்கு. தம்பி சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அவன் பொண்டாட்டிக்கு அவன் கதை சொல்லுவான். நீ என்கிட்ட கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? அதான் போயிக் கதையத் தெரிஞ்சு வச்சிக்குவோம்னு..." அவனுக்குக் காது நுனி சிவந்தது. "சேர்ல உக்காந்து உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். சுவத்தக் கட்டி வச்சிருக்கான் பாவி."

புஷ்பவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷத்துப் புளிக்குழம்புகள் அத்தனையும் அந்த நிமிஷம் இனித்தன. அவன் கைமேல் தன் கையை வைத்தாள். பட்டப்பகலில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்! கண்டக்டரே காற்றாடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கை அங்கேயே இருந்தது. மூளை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது.

"என்னங்க."

"ம்?"

"படம் இங்கிலீஷ்ல இருக்கு."

"ஆமா."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"தெரியாது."

"அப்ப, உங்க காதுல யாரு சொன்னா?"

வைத்திலிங்கம் வெளியே பார்த்தான். வெளியே பார்க்க ஒரு கோழியைத் தவிர ஒன்றும் இல்லை. கோழியையே பார்த்தான்.

கை மெதுவாகத் திரும்பி வந்தது. அவன் முதுகுத் தடிப்பு அவள் நினைவுக்கு வந்தது. தான் தடவிய வேப்பெண்ணெயும். புண்ணாக்கு மூட்டை அரிப்பா? பெஞ்சில் மூட்டைப்பூச்சி கிடையாது என்றானே அந்த ஜன்னல்காரன்!

சேர். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் சேர்.

அப்போதுதான் கொட்டகைப் பக்கமிருந்து முத்தாயி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் ஒரு குடை. நீலப் பட்டு, ஓரமெல்லாம் சுருக்கு வைத்த, மூங்கில் பிடி போட்ட பெண்பிள்ளைக் குடை.

"நல்லவேளை, வண்டி கெளம்பல! இந்தாங்கய்யா, புதன்கிழமை ஒங்க பக்கத்துச் சேர்ல இருந்த அந்த அம்மா வுட்டுட்டுப் போயிருச்சு. நாலு நாளா நான்தான் வச்சிருக்கேன். நீங்கதானே கொண்டு போயிக் குடுக்கணும்?"

வைத்திலிங்கம் கையை நீட்டுவதற்குள் புஷ்பவல்லியின் கை ஜன்னலுக்கு வெளியே போய்க் குடையை வாங்கிவிட்டது.

"புஷ்பா, நான் சொல்றதக் கேளு..."

பஸ் ஒரு இருமல் இருமிப் புறப்பட்டது. வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வண்டிக்கு மேலே கூரையும் இருந்தது.

புஷ்பவல்லி இரண்டு பேருக்கும் நடுவில் குடையை விரித்தாள். கொட்டகைச் சுவர் அதற்கு ஒரு சாண் குட்டை.